பிள்ளைக் கடனும் வாக்குக் கடனும்: ஓர் அறவியல் நோக்கு

2018ஆம் ஆண்டில் எமது அம்மம்மா காலமானார். அவரது மூத்த மகளாகிய பெரியம்மா அச்செத்தவீட்டிற்கு வரவில்லை. அவர் அப்போது ஐக்கிய அமெரிக்காவில் தம் மகளோடு வாழ்ந்துகொண்டிருந்தார். உறவினர் ஒருவர் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து நிற்க, பெற்ற தாயின் முகத்தை அதன் திரையிலே கண்டு அவர் அழுதார். வாய்க்கரிசி இடும் வேளையில் இணைப்பு அறுந்தது. மீண்டும் கிடைத்தபோது பெட்டி மூடப்பட்டுவிட்டது. அன்று மாலை பந்தலின் கீழ் இரு பெரியவர்கள் இது பற்றி வாதிட்டனர். "ஆறு மாதத்திலை வாறன் எண்டு சொல்லிப் போனவள் மூண்டு வருசமாய் அங்கை நிக்கிறாள். சொன்ன சொல்லுக்கு நிண்டிருந்தால் இண்டைக்குத் தாயின்ரை தலைமாட்டிலை நிண்டிருப்பாள்" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். "பெத்த தாயைப் பிள்ளை தன்னோடை வைச்சிருக்கிறது எந்த ஊரிலை குற்றம்?" என்று கேட்டார் என் மாமா. வாதம் முடியுமுன்னரே தேநீர் வந்தது. பேச்சு வேறு திசையிற் சென்றது.

நான் அப்போது பாடசாலையிற் படித்துக்கொண்டிருந்தேன். இருவர் கூற்றும் சரியெனவே எனக்குத் தோன்றின. கலைப்பீடத்திற் சேர்ந்து ஒழுக்கவியலை ஒரு பாடமாகக் கற்கத் தொடங்கிய பின்னர், அவ்விரு கூற்றுகளும் ஒருங்கே சரியாயிருத்தல் கூடுமா என்ற வினா மீண்டும் மீண்டும் என் முன் எழலாயிற்று. பெரியம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவரது சம்மதத்துடனேயே இதனை எழுதுகின்றேன். பெயரும் ஊரும் விடப்பட்டுள்ளன.

முதலில் நடந்ததைக் கூறுதல் வேண்டும். பெரியம்மா கணவனை இழந்தவர். அவருக்கு ஒரே மகள். மகள் திருமணமாகி அமெரிக்கா சென்று 2014இல் அங்கு நிரந்தர வதிவுரிமை பெற்றார். மறு ஆண்டு மகளின் முதற் பிள்ளைப்பேற்றிற்கென வருகையாளர் வீசாவிற் பெரியம்மா புறப்பட்டார். விமான நிலையத்தில் ஆறு மாதத் தங்கல் அளிக்கப்பட்டது. பிள்ளை பிறந்தது. மருமகனுக்கு இரவு வேலை. மகளுக்கும் வேலைக்குத் திரும்பியாக வேண்டிய நிலை. ஆறாவது மாதம் முடிந்தது. ஏழாவது மாதமும் முடிந்தது. அவ்வளவுதான். நாடகத்தன்மையான முடிவெதையும் எவரும் எடுக்கவில்லை. திரும்பும் நாளை எவரும் பேசாது விட்டனர்.

அமெரிக்கச் சட்டப்படி நிரந்தர வதிவாளர் ஒருவர் தம் வாழ்க்கைத் துணையையும் மணமாகாத பிள்ளைகளையுமே பொறுப்பேற்று அழைக்கலாம். பெற்றோரை அழைத்தல் இயலாது. பெற்றோருக்கு மனுச் செய்பவர் அந்நாட்டுப் பிரசையாகவும் 21 வயது நிறைந்தவராகவும் இருத்தல் வேண்டும். வதிவுரிமை பெற்றவர் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கப் பொதுவாக ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியுள்ளது. ஆகவே எங்கள் ஊர்ப் பேச்சில் 'ஸ்பொன்சர்' எனப்படும் அந்த வழி, பெரியம்மாவிற்கு 2015இல் திறந்திருக்கவில்லை. மகள் பிரசையாகும் நாளில் அது திறக்கும். திறந்தபின் அது வியக்கத்தக்க அளவிற்கு அகலமான வழியாகும். 1952ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்திற்கு 1965இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பயனாகப் பிரசைகளின் பெற்றோர் 'உடனடி உறவினர்' என்னும் வகுப்பினுட் சேர்க்கப்பட்டனர். அவ்வகுப்பினருக்கு ஆண்டுதோறும் இத்தனை பேர் என்னும் எல்லை கிடையாது. மேலும், முறையாகச் சோதிக்கப்பட்டு அனுமதிக்கப்பட்டு நாட்டினுள் நுழைந்த ஒருவர், பின்னர் காலங் கடந்து தங்கினாலும், அனுமதியின்றி வேலை செய்தாலுங்கூட, உடனடி உறவினராயின் நாட்டைவிட்டு நீங்காமலே வதிவுரிமை கோரலாம். இது உரிமையன்று, அதிகாரியின் தற்றுணிபிற்கு உட்பட்டது. ஆயினும், சட்டத்தின் எழுத்திலே காலங் கடந்த தங்கல் அவருக்குத் தடையன்று.

சட்டத்தின் இந்த ஒரு முகத்தை மட்டும் நோக்குவோர் அதனைக் கருணை மிக்கதெனக் கருதுவர். மறுமுகமும் உண்டு. 1996இல் நிறைவேற்றப்பட்ட சட்டமொன்றின்படி, 180 நாள்களுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவர் தாமாக நாட்டைவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டுகளுக்கு மீள நுழைய முடியாது. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவருக்குத் தடை பத்து ஆண்டுகள். இங்கு கூர்ந்து நோக்கத்தக்கது யாதெனின், இத்தண்டனை தங்கியதனால் அன்றி, வெளியேறியதனாலேயே உயிர் பெறுகின்றது என்பதாகும். தங்கியிருக்கும் வரை அது உறங்குகின்றது. சட்டத்திற்குக் கீழ்ப்படியத் துணிந்து, பிந்தியேனும் விமானம் ஏறும் கணத்தில் அது விழித்துக்கொள்கின்றது.

அம்மம்மா இறந்த அன்று பெரியம்மாவின் நிலை இதுவே. அவர் புறப்பட்டிருந்தால் தாயின் முகத்தைக் கண்டிருப்பார். பேரப்பிள்ளையின் முகத்தைப் பத்தாண்டுகளுக்குக் கண்டிருக்கமாட்டார். விதிவிலக்குக் கோர வழியில்லையா எனில், உண்டு. ஆனால் அவ்விதிவிலக்கிற்கு, விண்ணப்பிப்பவரின் வாழ்க்கைத் துணைக்கோ பெற்றோருக்கோ கடும் இன்னல் நேரும் எனக் காட்ட வேண்டும். அவர்களும் அந்நாட்டுப் பிரசைகளாக அல்லது நிரந்தர வதிவாளராக இருத்தல் வேண்டும். பிள்ளைக்கு நேரும் இன்னல் அங்கே கணக்கில் எடுக்கப்படுவதில்லை. எந்தப் பிள்ளையின் கையொப்பம் ஒரு தாயின் காலங் கடந்த தங்கலை முற்றாகத் துடைத்துவிடப் போதுமானதோ, அதே பிள்ளையின் கண்ணீர் அத்தாய் கடல் கடந்துவிட்ட பின்னர் ஒரு துளியும் நிறுக்கப்படுவதில்லை. ஆசிரியர் கூறியதில் ஒரு பகுதி இங்கே தளர்கின்றது. சொன்ன சொல்லுக்குப் பிந்தியேனும் நிற்க வேண்டும் என்பது அறமானால், அந்த அறத்தைக் கடைப்பிடிக்க முயல்பவரையே இச்சட்டம் ஒறுக்கின்றது. ஒரு முறை தவறியவர் தொடர்ந்து தவறியபடியே இருப்பதுதான் புத்தி என அது கற்பிக்கின்றது. சட்டம் ஒன்று தன்னை மீறுவதற்குத் தானே ஆசானாகும் விந்தை இது.

இவ்விடத்தில் கனடிய உயர் நீதிமன்றத்தின் 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று நினைவுக்கு வருகின்றது. பேக்கர் வழக்கு என அறியப்படும் அவ்வழக்கின் வரலாறு இது. 1981இல் ஜமெய்க்காவிலிருந்து வருகையாளராக வந்த ஒரு தாய், காலங் கடந்தும் தங்கி, வீடுகளிற் பணியாளராக உழைத்து, அங்கே நான்கு பிள்ளைகளைப் பெற்றார். 1992இல் அவரை நாடுகடத்தக் கட்டளை பிறந்தது. மனிதாபிமானக் காரணங்களின் பேரில் நாட்டினுள் இருந்தபடியே வதிவுரிமை கோரிய அவரது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதிகாரி ஒருவர் எழுதிவைத்திருந்த குறிப்புகள் வெளிவந்தபோது, அவை அத்தாயைப் பாரமாக மட்டுமே நோக்கிய மனநிலையைக் காட்டின. பிள்ளைகளின் நலனுக்கு உரிய கனம் அளிக்காத முடிவு நியாயமான முடிவாகாது எனக் கூறி நீதிமன்றம் அதனைத் தள்ளியது. வதிவுரிமையை நீதிமன்றமே வழங்கிவிடவில்லை. இன்னோர் அதிகாரி புதிதாக நோக்கவேண்டும் என்றே பணித்தது. தாயின் தவறு எதுவாயினும் பிள்ளை அத்தவறின் பங்காளியல்லன், ஆதலின் பிள்ளையின் நலன் தனியே நிறுக்கப்பட வேண்டும் என்பதே அதன் உட்கிடை என நான் விளங்கிக்கொள்கின்றேன். அமெரிக்க விதிவிலக்கிற்கும் இதற்குமுள்ள இடைவெளி சட்ட நுணுக்கம் பற்றியதன்று, ஒழுக்கவியல் பற்றியது.

நிற்க. சட்டம் கோணலானது என்பதனால் மாத்திரம் வாக்குத் தவறியவர் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டார். ஆசிரியரின் கூற்றில் எஞ்சிய பகுதியை இனி நோக்குதல் வேண்டும்.

பிளேற்றோவின் 'கிரீற்றோ' என்னும் உரையாடலில், சிறையிலிருந்து தப்பிச்செல்ல மறுக்கும் சோக்கிரதீஸ், ஏதென்ஸின் சட்டங்களே தம்முன் வந்து பேசுவதாகக் கற்பனை செய்கின்றார். விரும்பினால் வெளியேறியிருக்கலாம்; வெளியேறாது இந்நகரிலேயே வாழ்ந்ததன் மூலம் எமக்குக் கட்டுப்படுவதாக நீ உடன்பட்டுவிட்டாய் என்பது அவற்றின் வாதம். இவ்வாதத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் மறுத்தார். பிறந்த மண்ணை விட்டகல வசதியற்ற ஏழை ஒருவன் அங்கே வாழ்வதைச் சம்மதம் என்பது, உறக்கத்திற் கப்பலில் ஏற்றப்பட்டவன் கப்பலில் இருப்பதனால் மாலுமியின் ஆட்சிக்கு உடன்பட்டான் என்பதைப் போன்றது என்பது அவர் மறுப்பின் சாரம். இம்மறுப்பு வலுவானது. ஆனால் வருகையாளருக்கு அது உதவாது. வருகையாளர் எவரும் உறக்கத்திற் கப்பலேறியவரல்லர். வீசாவிற்கு விண்ணப்பித்து, திரும்பி வருவதற்கான காரணங்களை எடுத்துக்கூறி, அதனை நம்பவைத்து ஏறியவர் அவர். பிறந்த நாட்டிற் கட்டுண்டு கிடக்கும் பிரசையைவிட விருந்தினரே வெளிப்படையான வாக்கினாற் கட்டுப்பட்டவர். ஆகவே பெரியம்மா ஒரு வாக்கை மீறினார் என்பதை மறுக்க இயலாது. மாமா மறுத்ததும் அதனையன்று. அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை, அவ்வளவே.

வாக்கை மீறுதலிலும் இரு வகை உண்டு. காண்ட் 1785இல் எழுதிய நூலில், திருப்பிக் கொடுக்க இயலாதென அறிந்துகொண்டே, கொடுப்பேன் என வாக்களித்துக் கடன் வாங்குபவனை உதாரணமாகக் காட்டுகின்றார். அவன் வாக்கு பிறக்கும்போதே பொய். கடன் வாங்கும்போது கொடுக்கவே எண்ணியிருந்து, பின்னர் பிள்ளைக்கு நோய் வந்து கொடுக்காது விட்டவனும் கடனாளியே. ஆனால் அவன் பொய்யன் அல்லன். அமெரிக்கச் சட்டமும் இவ்வேறுபாட்டை அறியும். காலங் கடந்து தங்குதலை அது பிள்ளையின் பொருட்டு மன்னிக்கின்றது. நுழையும்போதே தங்கும் எண்ணத்தை மறைத்துப் பொய்யுரைத்து வீசாப் பெற்றிருந்தால் அதனை எளிதில் மன்னிப்பதில்லை. அதற்கு விதிவிலக்குக் கோரினும் வாழ்க்கைத் துணையின் அல்லது பெற்றோரின் இன்னலே நிறுக்கப்படும். பிள்ளையினுடையது அங்கும் இல்லை. 2017 முதல் அந்நாட்டு இராசாங்கத் திணைக்களத்தின் வழிகாட்டி, நுழைந்து 90 நாள்களுக்குள் வீசாவிற்கு முரணாக நடப்பவர் நுழையும்போதே பொய் சொன்னார் என ஊகிக்க இடமளிக்கின்றது. மனத்தின் உள்ளே என்ன இருந்தது என்பதை நாள்காட்டியைக் கொண்டு அளக்கும் முயற்சி இது. சிரிப்பதற்கில்லை; வேறு எதனைக் கொண்டு அளப்பது?

இனி, மகளின் பக்கத்திற்கு வருவோம். பிரசாவுரிமை பெற்ற மகள், வாக்குத் தவறிய தாய்க்காக மனுச் செய்தல் தகுமா? நீதி உறவினை நோக்கலாகாது என்போர் எம்மவரிடையே ஓர் எடுத்துக்காட்டைக் கையிலேயே வைத்திருக்கின்றனர். கன்றின்மீது தேரோட்டிய மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிகண்ட சோழனின் கதை எமக்குப் பால பாடம். அதே கதையை அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன்மீது ஏற்றி மகாவம்சமும் கூறுகின்றது. பகை மன்னன் எனத் தான் கருதிய ஒருவனுடைய நீதியை ஒரு பாளி நூல் பாராட்டியிருப்பது, இவ்விலட்சியம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும். ஆனால், அவ்விருவரும் அரசர்கள் என்பது மனங்கொளத்தக்கது. நடுவுநிலைமை நீதிவழங்கும் இருக்கையின் கடமை. மகள் அவ்விருக்கையில் அமர்ந்திருப்பவர் அல்லர். அவர் மனுதாரர். தாய்க்காக மன்றாடும் மகளை நோக்கி, நீ ஏன் மனுநீதிச் சோழனாக இல்லை எனக் கேட்பது, சட்டத்தரணியை நோக்கி நீ ஏன் நீதிபதியாக இல்லை எனக் கேட்பது போன்ற தவறாகும்.

மறு கோடியில் கொன்பியூசியஸ் நிற்கின்றார். ஆடு திருடிய தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்ன மகன் ஒருவனைத் தம் நாட்டின் நேர்மைக்கு உதாரணமாகச் சிற்றரசன் ஒருவன் காட்டியபோது, எங்கள் ஊரில் நேர்மை வேறுவிதமானது, தந்தை மகனையும் மகன் தந்தையையும் மறைப்பர் என அவர் விடையிறுத்ததாக அவரது உரைத்தொகுப்பின் 13ஆம் பகுதி கூறுகின்றது. என் மாமா கொன்பியூசியஸைப் படித்தவரல்லர். ஆனால் பந்தலின் கீழ் அவர் பேசியது இதனையே. இக்கூற்றில் எனக்கு உடன்பாடு உண்டு; ஓர் எல்லை வரை. தாயைக் காட்டிக்கொடாதிருத்தல் வேறு, தாய்க்காகப் பொய்யில் ஒப்பமிடுதல் வேறு. முன்னது மௌனம், பின்னது செயல். வதிவுரிமை விண்ணப்பத்திலே, வீசாவின் நிபந்தனைகளை எப்போதாவது மீறினீரா, நாட்டினுள் நுழைவதற்கு எப்போதாவது பொய்யுரைத்தீரா என்ற வினாக்கள் உள்ளன. முதலாவதற்கு "ஆம்" என எழுதுவதில் அச்சமேயன்றி அறச்சிக்கல் இல்லை. இரண்டாவது வினாவில் மகள் தாயின் கையைப் பிடித்து எதனை எழுத வைக்கின்றார் என்பதிலேயே பிள்ளைக் கடனின் எல்லை தெரியவரும். எழுபது வயதுத் தாய், மகள் காட்டிய இடத்தில் ஒப்பமிடுவார். அந்த நம்பிக்கையே மகளின் பொறுப்பை இரட்டிப்பாக்குகின்றது.

மேலும், இவ்விடத்தில் தாய்க்கும் மகளுக்குமிடையிலான உறவு தலைகீழாகின்றது. மனுதாரர் மகள், பயன்பெறுபவர் தாய். மகள் மனுவை மீளப் பெற்றால் தாயின் விண்ணப்பம் விழுந்துவிடும். ஐ-864 என்னும் பத்திரத்தின் மூலம் மகள், வறுமைக்கோட்டிற்கென அரசு வகுத்த வருமானத்தின் 125 வீதத்திற்குக் குறையாது தாயைத் தாங்குவதாக அரசுடன் ஒப்பந்தம் செய்கின்றார். தாய் பிரசையாகும் வரை, அல்லது ஏறத்தாழப் பத்து ஆண்டு உழைப்பிற்கு ஈடான 40 காலாண்டுகள் அவர் பெயரிற் சேரும் வரை, அல்லது அவர் இறக்கும் வரை, அல்லது நாட்டைவிட்டு நிரந்தரமாக நீங்கும் வரை அவ்வொப்பந்தம் ஒழியாது. தவறினால் தாயே மகள்மீது வழக்குத் தொடரலாம். பெற்றாரைப் பேணுதலை எந்நாளும் எண்ணிப் பார்த்தறியாத எம்மவர்க்கு இது விகாரமாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. பின்னர் நினைத்துப் பார்க்கையில், பேணுவேன் என வாயாற் கூறி முதியோரில்லத்தில் விட்டுச்செல்வோரையும் நாம் காண்கின்றோம் அல்லவா? எண்ணில் எழுதியதனால் ஒரு கடன் சிறுமைப்பட்டுவிடுவதில்லை.

வேறொரு தலைகீழ் மாற்றத்தையும் இங்கு குறிப்பிடாது செல்ல மனமில்லை. 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவரையும் உன் தந்தை எங்கே பிறந்தார், அன்றேல் பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தனர் எனக் கேட்டது. அதற்குப் பத்திரம் காட்ட முடியாத மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். எஞ்சியோரின் சிக்கல் தீர 2003 வரை செல்ல நேர்ந்தது. அங்கே முன்னோரின் பிறப்பு பிள்ளையின் உரிமையை அழித்தது. அமெரிக்கச் சட்டத்திற் பிள்ளையின் பிரசாவுரிமை பெற்றோரின் உரிமையை ஆக்குகின்றது. இரண்டிலும் இரத்தமே கேட்கப்படுகின்றது. பிள்ளையற்ற ஒருவர், பெரியம்மாவைப் போலவே காலங் கடந்து தங்கி, அவரைவிட நேர்மையாக உழைத்து வாழ்ந்தாலும், அவருக்கு இவ்வாசல் இல்லை. எல்லையை மறைவாகக் கடந்து வந்த தாய்க்கும், பிள்ளை பிரசையாயினும், இவ்வாசல் பெரும்பாலும் இல்லை. அவர் வெளியே சென்றே விண்ணப்பிக்க வேண்டும்; சென்றால் பத்து ஆண்டுத் தடை. வீசாப் பெறும் வசதி ஒரு தாய்க்கு இருந்தது, மற்றவளுக்கு இருக்கவில்லை என்பதைத் தவிர அவ்விருவருக்குமிடையே அறவியல் வேறுபாடு யாது என எனக்குப் புலப்படவில்லை.

காலங் கடந்து தங்கியோர் வரிசையை முறித்து முந்திச் சென்றவர் என ஒரு குற்றச்சாட்டு உண்டு. இது பெற்றோரைப் பொறுத்தவரை பொருந்தாது. மேற்கூறியவாறு, பிரசைகளின் பெற்றோருக்கு ஆண்டெல்லை இல்லை; ஆகவே வரிசையும் இல்லை. பிரசைகளின் சகோதரர்களுக்கு வரிசை உண்டு. அது பத்தாண்டிற்கும் மேலாக நீள்வது. ஒரு தாய்க்குக் கிடைக்கும் வதிவுரிமை அவ்வரிசையில் நிற்கும் எவரிடமிருந்தும் ஓர் இடத்தைப் பறிப்பதில்லை.

அவ்வாறாயின் பெரியம்மாவினால் எவருக்குத் தீங்கு நேர்ந்தது? எவருக்குமே இல்லை என்றுதான் நீண்ட காலம் நான் எண்ணியிருந்தேன். பின்னர் இப்பல்கலைக்கழகத்தில் என்னோடு பயிலும் தோழி ஒருத்தியின் தாயாருக்கு வருகையாளர் வீசா மறுக்கப்பட்டது. அவரும் மகளின் பிள்ளைப்பேற்றிற்கே செல்ல விரும்பினார். வீடு இருந்தது, ஓய்வூதியம் இருந்தது, திரும்பி வரும் எண்ணமும் இருந்தது. சில நிமிடங்களில் அவரது நேர்காணல் முடிந்துவிட்டது. வருகையாளராக விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் குடியேற வருபவரே என ஊகித்துக்கொண்டு, அவ்வாறன்று என நிறுவும் பாரத்தை விண்ணப்பதாரர் தலையிலேயே சுமத்துவது அந்நாட்டுச் சட்டம். எந்த நாட்டிலிருந்து வந்தோரில் எத்தனை பேர் திரும்பவில்லை என 2016 முதல் நாடு நாடாகக் கணக்கெடுத்து அறிக்கையும் வெளியிடப்படுகின்றது. தோழியின் தாயார் தம் சொல்லை நம்பும்படி அந்த யன்னலருகே நின்று கேட்டார். அச்சொல்லின் பெறுமதியை அவருக்கு முன் சென்ற அம்மாக்கள் பலர் ஏற்கெனவே செலவழித்துவிட்டிருந்தனர். அவர்களுள் என் பெரியம்மாவும் ஒருவர்.

காண்டின் வாதத்தை வகுப்பறையிற் கற்றபோது, எல்லோரும் பொய் வாக்களித்தால் வாக்களித்தல் என்ற வழக்கமே அழிந்துபோகும் என்பது எனக்கு ஒரு தருக்க விளையாட்டாகவே தோன்றியது. யன்னலருகே நின்ற அத்தாயாரின் கதையைக் கேட்டபோது அது விளையாட்டாகத் தோன்றவில்லை. அமெரிக்க அரசு பெரியம்மாவை மன்னித்தது. மன்னிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு; வாக்கு அதற்குத்தான் அளிக்கப்பட்டது. மகள் மனுச் செய்தார். செய்யும் கடமை அவருக்கு இருந்தது என்றே நான் கருதுகின்றேன். ஆனால் அம்மன்னிப்பு கொழும்பில் அந்த யன்னலருகே நின்றவரை எட்டவில்லை. அவர் எவரிடமும் முறையிடவும் இல்லை. யார்மீது முறையிடுவது? இக்கடன் பெயரற்றவருக்குப் பெயரற்றவர் பட்ட கடன். மகளின் கையொப்பம் தாய்க்குப் பட்ட கடனைத் தீர்க்கும், இதனைத் தீர்க்காது. இதனைத் தோழியிடம் கூறியபோது அவள் சினங்கொள்வாள் என அஞ்சினேன். அவளோ, தன் அம்மாவும் அங்கு சென்றிருந்தால் அக்கா திரும்ப விட்டிருப்பாளோ தெரியாது என்றாள்.

மகள் பிரசையானதும் மனு அனுப்பப்பட்டு, 2022இற் பெரியம்மாவிற்கு நிரந்தர வதிவுரிமை கிடைத்தது. மறு ஆண்டு அவர் ஊருக்கு வந்தார். அம்மம்மாவின் படத்தின் முன் விளக்கேற்றிவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். அன்றிரவு, இக்கட்டுரையின் கரு அப்போதே என் மனத்தில் இருந்தமையால், ஒரு மாணவனுக்குரிய துணிவோடு அவரிடம் கேட்டேன்: போகும்போது திரும்பி வரும் எண்ணம் உண்மையாகவே இருந்ததா? அந்த விண்ணப்பத்தின் இரண்டாவது வினாவிற்கு "இல்லை" என எழுதப்பட்டிருந்ததை நான் அறிவேன். அக்கா அதனைத் தாயிடம் வாசித்துக் காட்டிக் கேட்டே எழுதியதாகவும் அறிவேன்.

பெரியம்மா உடனே விடை கூறவில்லை. முற்றத்தை நோக்கியிருந்தார். பின்னர், "ஆட்டை வித்துப்போட்டுத்தான் போனனான்" என்றார். சிறிது நேரங் கழித்து, "கோழியளை விக்கேல்லை. பக்கத்து வீட்டிலை விட்டு, ஆறு மாதத்துக்குப் பாருங்கோ எண்டு தவிட்டுக்குக் காசும் குடுத்திட்டுத்தான் போனனான்" என்றார்.